உலக வரலாற்றின் வாயிலைத் திறந்தவர்: எச். ஜி. வெல்ஸ்

நம் காலனியில் மாலை வேளைகளில் கூடிப் பேசும் பெற்றோரிடையே ஆண்டுதோறும் எழும் கேள்வி ஒன்றுண்டு. பிள்ளைகள் பள்ளியில் பயிலும் சரித்திரம் துண்டு துண்டாக இருக்கிறது. ஓராண்டு மொகலாயர், மறு ஆண்டு பிரெஞ்சுப் புரட்சி, அதற்கு அடுத்த ஆண்டு சுதந்திரப் போராட்டம் என்று பாடங்கள் வருகின்றன, போகின்றன. அக்பர் ஆக்ராவில் அரசு புரிந்த காலத்தில் இங்கிலாந்தில் யார் ஆண்டார், சீனத்தில் என்ன நடந்தது என்று கேட்டால் முதல் மதிப்பெண் பெறும் மாணவனும் விழிக்கிறான். நாம் மட்டும் என்ன, அவனுக்கு விடை சொல்லும் நிலையிலா இருக்கிறோம்? உலக வரலாறு முழுவதையும் ஒரு சரட்டில் கோத்துக் காட்டும் எளிய நூல் எது, எங்கிருந்து தொடங்குவது என்பதே அக்கேள்வி.

பத்து நூல்களின் பெயரை எழுதிக் கொடுத்துவிடுதல் எளிது. அவ்வாறு செய்யாமல், இதே கேள்வியைத் தமக்குள் கேட்டு, விடையாக ஒரு நூலைத் தாமே எழுதிய மனிதரின் வாழ்க்கையை இம்மலரில் கூற விழைகிறேன். அவர் பேராசிரியர் அல்லர். எக்கல்லூரியிலும் வரலாறு பயின்றவர் அல்லர். ஜவுளிக்கடையில் துணி மடித்த சிறுவர்.

ஹெர்பர்ட் ஜார்ஜ் வெல்ஸ் 1866-ஆம் ஆண்டு செப்டம்பர் 21-ஆம் நாள், லண்டன் மாநகரை அடுத்த கெண்ட் மாவட்டத்துப் பிராம்லி என்னும் ஊரில் பிறந்தார். தந்தை ஜோசப் வெல்ஸ் முன்னாளில் தோட்டக்காரராக இருந்தவர். பின்னர் பீங்கான் பாத்திரங்களும் கிரிக்கெட் மட்டைகளும் விற்கும் கடையொன்றை நடத்தினார். கடையில் வியாபாரம் நடந்ததைவிட அவர் மைதானத்தில் பந்து வீசியது அதிகம். கெண்ட் அணிக்காக 1862-இல் சசெக்ஸ் அணியை எதிர்த்து ஆடியபோது, அடுத்தடுத்து நான்கு பந்துகளில் நால்வரை ஆட்டமிழக்கச் செய்தவர் அவர். தாய் சாரா, பிரபுக்கள் வீட்டில் பணிப்பெண்ணாக இருந்து, பின்னர் இக்கடைக்காரரை மணந்து, வறுமையோடு போராடியவர்.

சிறுவன் பெர்ட்டிக்கு எட்டு வயது நிரம்புமுன் ஒரு விபத்து நேர்ந்தது. இளைஞர் ஒருவர் விளையாட்டாகத் தூக்கிப் போட்டுப் பிடிக்கையில் கை தவறிக் கீழே விழுந்து கால் எலும்பு முறிந்தது. வாரக்கணக்கில் படுக்கையில் கிடக்க நேர்ந்த மகனுக்குத் தந்தை ஊர் நூலகத்திலிருந்து புத்தகங்களைக் கொண்டுவந்து குவித்தார். விலங்கியல், அயல்நாடுகளின் வருணனை, படங்கள் நிறைந்த பழைய நகைச்சுவை இதழ்களின் தொகுதிகள் என எது கிடைத்ததோ அதுவெல்லாம் வந்தது. எதை முதலில் படிக்க வேண்டும் என்று யாரும் அவனுக்கு ஒழுங்கு வகுத்துத் தரவில்லை. அவன் வாசிப்புப் பித்தனானது அப்படுக்கையில்தான். அந்தக் கால் முறிவைத் தம் வாழ்வின் பெரும் பேறுகளுள் ஒன்றாகவே அவர் பிற்காலத்தில் கருதினார்.

ஒரு கால் முறிவு தந்ததை மற்றொரு கால் முறிவு பறித்துக்கொண்டது. 1877-இல் தந்தை கீழே விழுந்து தொடையெலும்பை முறித்துக்கொண்டார். கிரிக்கெட்டால் வந்த வருமானம் அன்றோடு நின்றது. 1880-இல் தாய், தாம் முன்பு பணிபுரிந்த அப்பார்க் என்னும் பிரபுவின் மாளிகைக்கு வேலைக்காரர்களின் மேற்பார்வையாளராகத் திரும்பிச் சென்றார். குடும்பம் கலைந்தது. பதினான்கு வயது நிரம்பாத பையனைத் தொழில் பழகக் கடையில் விடுவதைத் தவிர அத்தாய்க்கு வேறு வழி தோன்றவில்லை.

முதலில் வின்ட்சர் நகரில் ஒரு ஜவுளிக்கடை. பணப்பெட்டியில் அமர்த்தினார்கள், கணக்கு உதைத்தது, சில வாரங்களில் அனுப்பிவிட்டார்கள். அடுத்து மிட்ஹர்ஸ்ட் என்னும் ஊரில் மருந்துக்கடை. மருந்துகளின் பெயர்களை அறிய லத்தீன் வேண்டுமென்று உள்ளூர்ப் பள்ளித் தலைமையாசிரியரிடம் பாடம் கேட்கப் போனான். பையனின் கூர்மையைக் கண்டு அவர் வியந்தார். ஆனால் அத்தொழிலுக்கான செலவைத் தாங்கக் குடும்பத்தால் இயலவில்லை. எனவே மூன்றாவதாக, சவுத்சீ நகரில் மீண்டும் ஒரு ஜவுளிக்கடை. நாளொன்றுக்குப் பதின்மூன்று மணி நேரம் நிற்க வேண்டும், துணி எடுத்துப் போட வேண்டும், மடிக்க வேண்டும், மீண்டும் எடுத்துப் போட வேண்டும். இரவில் பிற பையன்களோடு ஒரே கூடத்தில் படுக்கை. இரண்டாண்டுகள் இவ்வாறு கழிந்தன.

1883-ஆம் ஆண்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் அவன் எழுந்து, உணவும் கொள்ளாமல், பதினேழு மைல் தூரம் நடந்தே அப்பார்க் மாளிகையை அடைந்தான். தேவாலயத்திலிருந்து திரும்பிவரும் தாயின் எதிரே போய் நின்று, இனி அக்கடைக்குப் போக இயலாது என்று தெரிவித்தான். மகன் தொழில் பழகுவதற்கென்று அத்தாய் கட்டிய பணம் சிறிதன்று. அவள் கண்ணீர் விட்டதில் வியப்பில்லை. மிட்ஹர்ஸ்ட் தலைமையாசிரியர் அவனுக்குத் துணையாசிரியர் வேலை கொடுக்க முன்வந்ததால் அவ்வழக்கு ஒருவாறு தீர்ந்தது.

அந்த அப்பார்க் மாளிகையைப் பற்றி ஒரு சொல். தாயைக் காண விடுமுறைகளில் வந்த பையனுக்கு அங்கே பழைய நூலகம் ஒன்று திறந்து கிடந்தது. பிளேட்டோவின் குடியரசு என்னும் நூலை அங்கேதான் படித்தான். பரண்மேல் கிடந்த பழைய தொலைநோக்கி ஒன்றின் உறுப்புகளைத் தேடியெடுத்துப் பொருத்தி, நள்ளிரவில் நிலாவின் குழிகளைப் பார்த்துக்கொண்டிருந்தபோது தாய் வந்து கண்டுபிடித்தாள் என்பதும் அவரே கூறியுள்ள செய்தி. வேலைக்காரியின் மகனுக்கு மாளிகையின் வேறெதிலும் உரிமையில்லை. புத்தகங்களை மட்டும் எவரும் பூட்டி வைக்கவில்லை!

மிட்ஹர்ஸ்ட் பள்ளியில் பகலில் பாடம் சொன்னார். இரவில் தாமே படித்து அரசாங்க அறிவியல் தேர்வுகளை எழுதினார். அவற்றில் பெற்ற வெற்றியால், 1884-இல் லண்டன் சவுத் கென்சிங்டன் அறிவியல் பயிற்சிக் கல்லூரியில் வாரம் ஒரு கினி உதவித்தொகையுடன் இடம் கிடைத்தது. முதலாண்டில் உயிரியல் கற்பித்தவர் தாமஸ் ஹென்றி ஹக்ஸ்லி. டார்வினின் கொள்கைக்காக இங்கிலாந்து முழுவதும் வாதாடிய அப்பேரறிஞரின் வகுப்பில் அமர்ந்த ஓராண்டே தம் வாழ்வில் மிகுந்த கல்வியைத் தந்தது என வெல்ஸ் கருதினார். புழு முதல் மனிதன் வரை எல்லா உயிரும் ஒரே நெடுங்கதையின் பகுதிகள் என்னும் பார்வை அங்கே பிறந்தது. முப்பத்தைந்து ஆண்டுகள் கழித்து அவர் எழுதிய வரலாற்று நூலின் கரு இதுவே என்பது என் துணிபு.

அடுத்த ஆண்டுகளில் ஆசிரியர்கள் மாறினர், ஆர்வம் குன்றியது. 1887-இல் பட்டமின்றி வெளியேறினார். வேல்ஸ் நாட்டுப் பள்ளியொன்றில் ஆசிரியராக இருந்தபோது கால்பந்தாட்டத்தில் சிறுநீரகம் அடிபட்டது, இரத்தம் கக்கினார், காசநோய் என்று அஞ்சினர். பிழைத்தெழுந்து, 1890-இல் லண்டன் பல்கலைக்கழகப் பட்டத்தைப் பெற்று, அஞ்சல் வழியாகப் பாடம் நடத்தும் நிறுவனமொன்றில் பணியாற்றினார். கல்லூரி வாயிலை மிதிக்க இயலாத எழுத்தர்களும் ஆசிரியர்களும் அவருடைய மாணாக்கர்கள். கடினமானதை எளிமையாகச் சொல்லும் கலை அவருக்குக் கைவந்தது அப்பணியில்தான் என்று கொள்ளலாம். 1893-இல் அவர் வெளியிட்டது ஓர் உயிரியல் பாடநூல். அதன்பின் வந்த புகழை நாம் அறிவோம்: காலப் பொறி 1895, கண்ணுக்குத் தெரியாத மனிதன் 1897, செவ்வாய்க் கோளத்தார் படையெடுக்கும் கதை 1898. அவற்றைப் பற்றி இங்கே விரிப்பின் கட்டுரை வேறாகிவிடும்.

1914-இல் முதல் உலகப்போர் மூண்டது. போரை ஒழிக்கும் போர் இதுவே என்று அப்போது நூலெழுதி முழங்கியவர்களுள் வெல்ஸ் முதல்வர். அந்நம்பிக்கை எவ்வளவு பேதைமை என்பதை நான்காண்டுகளில் உணர்ந்தார். 1918-இல் அரசாங்கப் பிரசார அலுவலகத்தில் சில காலம் பணியாற்றியபோதும், சர்வதேச சங்கம் அமைப்பதற்கான குழுக்களில் அமர்ந்தபோதும் ஒன்றைக் கண்டார். மேசையைச் சுற்றி அமர்ந்தவர் அனைவரும் கற்றவர்; ஆயினும் ஒவ்வொருவர் உள்ளத்திலும் அவரவர் நாட்டுச் சரித்திரமே குடியிருந்தது. எல்லாருக்கும் பொதுவான கடந்த காலம் ஒன்று உண்டென்பதை எப்பள்ளியும் அவர்களுக்குச் சொல்லித் தரவில்லை. பொதுவான வரலாறு தெரியாதவரிடையே பொதுவான அமைதி எவ்வாறு நிலைக்கும்?

வல்லுநர்கள் தத்தம் துறையின் எல்லையைத் தாண்ட மாட்டார்கள் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. எனவே தாமே எழுதத் துணிந்தார். நாவல்களால் வரும் வருவாயை ஒதுக்கிவைத்து, ஏறத்தாழ ஐம்பத்திரண்டு வயதில் மாணவராக மாறினார். கலைக்களஞ்சியத் தொகுதிகளைத் துணைக்கொண்டார். மனைவி ஜேன் அவரோடு அமர்ந்து தட்டச்சு செய்தும் சரிபார்த்தும் உழைத்தார். கிரேக்க இலக்கியத்திற்குக் கில்பர்ட் மரே, உயிரியலுக்கு ரே லங்கெஸ்டர், அரசியல் வரலாற்றிற்கு எர்னஸ்ட் பார்க்கர், ஆப்பிரிக்காவை நன்கறிந்த ஹாரி ஜான்ஸ்டன் முதலியோரிடம் கையெழுத்துப் படியைக் கொடுத்துத் திருத்தம் கேட்டார். அவர்கள் மறுத்துரைத்த இடங்களில் சிலவற்றைத் தம் விருப்பப்படியே வைத்துக்கொண்டு, அவர்களுடைய மறுப்பைப் பக்கத்தின் அடியில் குறிப்பாக அச்சிட்டுவிட்டார். மேலே ஆசிரியர் ஒன்று சொல்ல, கீழே அறிஞர் அது பிழை என்கிறார்! சரித்திரம் என்பது முடிந்த தீர்ப்பன்று, நடந்துகொண்டிருக்கும் வழக்கு என்பதைச் சாதாரண வாசகனுக்கு இதைவிடத் தெளிவாக எவர் காட்ட இயலும்? நம் பாடநூல்களில் அத்தகைய அடிக்குறிப்பு ஒன்றையேனும் கண்டதாக எனக்கு நினைவில்லை.

அவுட்லைன் ஆப் ஹிஸ்டரி என்னும் அந்நூல் 1919 நவம்பர் முதல், இரு வாரத்திற்கு ஒன்றாக 24 பகுதிகளாய் வெளிவந்தது. மொத்தமாக விலை கொடுத்து வாங்க இயலாதவர்களும் பகுதி பகுதியாகச் சேர்த்துக்கொண்டனர். ஜே. எப். ஹாரபின் வரைந்த தெளிவான வரைபடங்கள் அதற்கு அணிசெய்தன. மன்னர்களின் பட்டியலோடு அது தொடங்கவில்லை; வெட்டவெளியில் சுழலும் பூமியில் தொடங்குகிறது. பாறைகள், முதல் உயிர்கள், ஊர்வன, பாலூட்டிகள் எனப் பல அதிகாரங்கள் கழிந்த பின்னரே மனிதன் வருகிறான். மன்னன் அவனுக்கும் பிந்தி வருகிறான். ஐரோப்பியர் தெய்வமாகப் போற்றிய நெப்போலியனை அந்நூல் அகந்தை மிக்க சிறு மனிதனாகக் காட்டுகிறது. போரில் வென்றபின் போரையே துறந்த அசோகரை மன்னர் கூட்டத்தில் தனியொரு விண்மீனாக உயர்த்துகிறது. மேனாட்டு வாசகர் பலர் அசோகரின் பெயரை முதலில் அறிந்தது வெல்ஸின் வாயிலாகத்தான் எனலாம்.

நூல் இருபது இலட்சம் படிகளுக்கு மேல் விற்றது. அவ்வளவு பெரிய நூலைக் கண்டு அஞ்சுவோருக்காக 1922-இல் உலகச் சுருக்க வரலாறு ஒன்றையும் எழுதினார். அது பெரிய நூலை வெட்டிக் குறுக்கியதன்று, புதிதாக எழுதியது. ஒவ்வோர் அதிகாரமும் சில பக்கங்களே. இரவு உணவுக்குப் பின் ஒன்று என்று படித்தால் ஒரு கோடை விடுமுறைக்குள் முடித்துவிடலாம். காலனிப் பெற்றோர் கேட்கும் கேள்விக்கு என் முதல் விடை இச்சிறிய நூலே.

அறிஞர் உலகம் அவரை எளிதில் விடவில்லை. கிரேக்க வரலாற்றறிஞர் கோம் என்பவர் 1921-இல் அவருடைய பிழைகளைத் தொகுத்து ஒரு நூலே வெளியிட்டார். ஹிலேர் பெல்லாக் என்னும் எழுத்தாளர் கத்தோலிக்கத் திருச்சபையின் சார்பில் நீண்ட போர் தொடுத்தார். இருவரும் 1926-இல் மாறி மாறி நூலெழுதிச் சண்டையிட்டனர். டொரண்டோ நகரத்துப் புளோரன்ஸ் டீக்ஸ் என்னும் அம்மையார், பதிப்பாளரிடம் தாம் கொடுத்திருந்த உலக வரலாற்றுக் கையெழுத்துப் படியை வெல்ஸ் பயன்படுத்திக்கொண்டார் என்று வழக்குத் தொடுத்தார். கனடாவின் நீதிமன்றங்கள் அவ்வழக்கைத் தள்ளின. லண்டன் பிரிவி கவுன்சிலும் 1932-இல் தள்ளியது. வெல்ஸ் வென்றார் எனினும், பெண்கள் உலகிற்கு ஆற்றிய பணியை மையமாகக் கொண்ட அவ்வம்மையாரின் நூல் அச்சேறாமலே போனது வருந்தத்தக்கது.

இன்று அதனைக் கையில் எடுப்போர் வேறு பிழைகளையும் காண்பர். அந்நூல் விவரிக்கும் பில்ட்டவுன் மண்டையோடு போலி என்பது 1953-இல் அம்பலமாயிற்று. முதற்பதிப்பில் சிந்துவெளி நாகரிகமே கிடையாது. ஹரப்பாவையும் மொகஞ்சதாரோவையும் பற்றி ஜான் மார்ஷல் உலகிற்கு அறிவித்தது 1924-இல் அன்றோ? நூலில் தென்னாட்டைத் தேடுவோர்க்கு ஏமாற்றம் காத்திருக்கிறது. ரோமாபுரியின் பொன் மிளகுக்காக வந்திறங்கிய துறைமுகங்களுக்கும், கடல் கடந்து ஸ்ரீவிஜயத்தை வென்ற இராசேந்திர சோழனுக்கும் உலகக் கதையில் உள்ள இடத்தை வெல்ஸ் உணரவில்லை. உலக வரலாறு என்று பெயரிட்டாலும், அவர் நின்று பார்த்த சாளரம் இங்கிலாந்தில் இருந்தது.

அக்குறையை நிறைத்தவர் வெல்ஸைப் படித்த ஓர் இந்தியர். 1930 அக்டோபர் 26-ஆம் நாள், விக்கிரம ஆண்டுக் கணக்கில் மகள் இந்திராவுக்குப் பதின்மூன்றாம் பிறந்தநாள். சிறையிலிருந்த ஜவாஹர்லால் நேரு, பரிசுப்பொருள் எதுவும் அனுப்ப இயலாமல், நைனிச் சிறையில் அமர்ந்து கடிதம் எழுதத் தொடங்கினார். 1933 ஆகஸ்டு வரை பல சிறைகளில் எழுதிய 196 கடிதங்கள் 1934-இல் உலக சரித்திரம் பற்றிய நூலாக வெளிவந்தன. சிறையில் நூலகமேது? கைக்குக் கிடைத்த சில நூல்களும் தாம் எடுத்திருந்த குறிப்புகளுமே துணை. அவற்றுள் வெல்ஸின் நூலுக்குத் தாம் கடமைப்பட்டிருப்பதை நேரு முன்னுரையில் ஒப்புக்கொண்டுள்ளார். ஆனால் சாளரத்தை மாற்றிவிட்டார். அவர் எழுதிய கடிதங்களில் பல்லவரும் சோழரும் வருகின்றனர்; தென்னிந்தியர் கீழைக் கடல்களில் அமைத்த குடியேற்றங்கள் வருகின்றன; சீனமும் அரேபியாவும் விரிவாக வருகின்றன. இந்நூலின் பிற்பதிப்பிற்கு 1939-இல் ஐம்பது வரைபடங்கள் வரைந்து கொடுத்தவர் வேறெவருமல்லர். வெல்ஸுக்கு வரைந்த அதே ஹாரபின். எனவே சுருக்க வரலாற்றை முடித்த பிள்ளையின் கையில் இரண்டாவதாகக் கொடுக்க வேண்டியது இக்கடிதத் தொகுதியே. இரண்டையும் அருகருகே வைத்து, ஒரே நூற்றாண்டை இருவரும் எவ்வாறு சொல்கின்றனர் என்று ஒப்பிட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். எங்கள் வீட்டில் அவ்வாறு செய்தபோது, இருவரில் யார் சொல்வது சரி என்று பிள்ளைகளிடையே எழுந்த சண்டை இரவு பத்து மணி வரை நீடித்தது!

வெல்ஸின் பிற்கால வாழ்வு ஏமாற்றங்கள் நிறைந்தது. 1922-லும் 1923-லும் தொழிற்கட்சி வேட்பாளராக நாடாளுமன்றத்திற்குப் போட்டியிட்டுத் தோற்றார். 1927-இல் ஜேன் காலமானார். மனைவியிடம் அவர் உண்மையாக நடந்துகொள்ளவில்லை என்பதையும், தம் குறைகளை அவரே சுயசரிதையில் மறைக்காமல் எழுதினார் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். சோர்ந்திருக்கவும் இல்லை. ஹக்ஸ்லியின் பேரர் ஜூலியனையும் தம் மகனையும் துணைக்கொண்டு உயிரியலுக்கும், பின்னர் பொருளியலுக்கும் அதேபோன்ற பெருநூல்களை ஆக்கினார். 1920-இல் லெனினையும், 1934-இல் ரூஸ்வெல்டையும் ஸ்டாலினையும் நேரில் கண்டு, உலகம் ஒன்றாக வேண்டியதை வற்புறுத்தினார். அவர்கள் கேட்டுக்கொண்டார்கள், அவ்வளவுதான்.

1939-இல் இரண்டாம் உலகப்போர் மூண்டது. இருபது இலட்சம் வீடுகளில் அவர் நூல் இருந்தும் போர் நிற்கவில்லை. லண்டன்மீது குண்டுகள் பொழிந்த நாட்களிலும் ரீஜண்ட் பூங்காவை ஒட்டிய தம் வீட்டைவிட்டு அகல மறுத்து அங்கேயே இருந்தார். 1940-இல் மனித உரிமைகளைப் பற்றி எழுதினார். 1945-இல் வெளியிட்ட சிறு நூலிலோ, மனித குலத்தின் கதை முடியப்போகிறது என்னும் இருண்ட எண்ணமே மேலோங்கி நிற்கிறது. பூமியின் பிறப்பிலிருந்து நம்பிக்கையோடு கதை சொல்லத் தொடங்கியவரின் கடைசி நூல்களுள் அதுவும் ஒன்று.

1946-ஆம் ஆண்டு ஆகஸ்டு 13-ஆம் நாள் அவ்வீட்டிலேயே உயிர் நீத்தார். எரித்த சாம்பல் இங்கிலாந்தின் தென்கரைக் கடலில் தூவப்பெற்றது. அவருடைய பெரிய வரலாற்று நூல் நிற்கவில்லை. அவர் விட்ட இடத்திலிருந்து இரண்டாம் உலகப்போரின் கதையைச் சேர்த்தும், பழைய பிழைகளைக் களைந்தும், ரேமண்டு போஸ்ட்கேட் என்னும் வரலாற்றாசிரியர் புதிய பதிப்புகளை வெளிக்கொணர்ந்தார். வெல்ஸின் மகனும் பின்னர் அப்பணியில் சேர்ந்துகொண்டார்.